புற்றுநோயும் இரத்த நோயும் உள்ள பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்வது: மலையகத் தாய் தகப்பன்மார் கேட்கும் கேள்விகள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது சிறுவர் வார்டில் தாதியாக வேலை செய்கிறேன். வார்டிலும் கிளினிக்கிலும் நம் ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தை டொக்டர் எழுதுகிறார், நாங்கள் ஏற்றுகிறோம். ஆனால் சிகிச்சை நடக்கும் இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை அதிக நாட்கள் இருப்பது வீட்டில்தான். காய்ச்சலை முதலில் தொட்டுப் பார்ப்பது அம்மாவின் கை. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அப்பாயி. அதனால் அவர்களுக்கும் தாதியின் வேலை தெரிய வேண்டும். அதைப் புரியும்படி சொல்லிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு, அவசரமாகக் கையில் திணிக்கும் ஒரு துண்டுக் கடுதாசியால் அது நடக்காது.

உங்கள் பிள்ளைக்கென்று வார்டில் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். பிள்ளை பிழைக்குமா?

பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது லுகேமியா என்ற இந்த இரத்தப் புற்றுநோய்தான். அதிலும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற வகைதான் கூடுதல். சிகிச்சையை முழுமையாக முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமாகக்கூடிய நோய் இது. வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கு, 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 பேராவது பிழைக்க வேண்டும் என்பது. இந்த இடைவெளிக்குக் காரணம் மருந்து மட்டுமில்லை. நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவது, காய்ச்சலோடு வீட்டில் காத்திருப்பது, சிகிச்சையைப் பாதியில் விடுவது ஆகியவையும் காரணம். இவை நம் கையிலும் இருக்கின்றன.

பெரியவர்களுக்குப் புற்றுநோய் வந்து இறந்ததைப் பார்த்துவிட்டு அதே கணக்கைப் பிள்ளைக்கும் போடாதீர்கள். பிள்ளைகளின் புற்றுநோய் வேறு, அவர்கள் உடம்பு மருந்தை ஏற்கும் விதமும் வேறு.

நாங்கள் செய்த ஏதாவது தவறால் வந்ததா? மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். ஆனால் மற்றவர்களின் தடிமனும் இருமலும் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. பயம் அந்தப் பக்கமாக இருக்கட்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கிரகணத்தில் வெளியே போனதாலோ, கர்ப்பத்தில் ஏதோ சாப்பிட்டதாலோ, யாரோ செய்வினை வைத்ததாலோ வந்ததில்லை. தேயிலைக்கு அடிக்கும் மருந்தாலா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த மருந்து வந்த கேனில் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது. மருந்தடித்துவிட்டு வந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்கவும் கூடாது. எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

ஏன் மஹரகமைக்கே போகச் சொல்கிறார்கள்?

இலங்கையில் பிள்ளைகளின் புற்றுநோய்ச் சிகிச்சையில் பெரும்பகுதி மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில்தான் நடக்கிறது. சிகிச்சை இலவசம். இடையில் வரும் காய்ச்சல், இரத்தப் பரிசோதனை, இரத்தம் ஏற்றுவது போன்றவற்றை நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை போன்ற இடங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்க முடியலாம். உங்கள் பிள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதை வீட்டுக்குப் போகும் முன் கேட்டு, கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். நடு இரவில் யோசிக்க வேண்டிய விஷயமில்லை அது.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கீமோ மருந்து புற்றுநோய்ச் செல்லோடு சேர்த்துக் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் அழிக்கிறது. மருந்து ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் அவை மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் கிருமி இரத்தத்துக்குள் புகுந்தால், காலையில் விளையாடிய பிள்ளை சாயங்காலம் மயங்கிவிடலாம். சளி, வீக்கம், சீழ் என்று எதுவுமே வெளியே தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. சில நேரம் காய்ச்சலும் இல்லாமல் நடுக்கமும் சோர்வும் மட்டும் வரும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் கட்டாயம் வேண்டும். தொட்டுப் பார்த்துச் சொல்வது போதாது, குளிரான ஊரில் கை ஏமாற்றும். அக்குளில் வைத்து 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹைட்டில் 100.4 காட்டினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அதற்குச் சற்றுக் குறைவாக இருந்து பிள்ளை சோர்ந்திருந்தால் அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். நடுக்கம், மூச்சு வாங்குவது, கை கால் சில்லிட்டுப் போவது, எழுப்பினாலும் சரியாக எழும்பாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் தெர்மோமீட்டர் என்ன காட்டினாலும் சரி, கிளம்ப வேண்டியதுதான். ஆசனவாயில் வைத்துச் சூடு பார்க்கக் கூடாது. அந்த வழியாக வைக்கும் மாத்திரையும் கூடாது. சிறு கீறல் பட்டாலும் அங்கிருந்து கிருமி ஏறிவிடும்.

பெனடோல் கொடுத்துப் பார்த்துவிட்டுக் காலையில் போகலாம் என்று நினைக்காதீர்கள். பெனடோல் சூட்டைத்தான் இறக்கும், கிருமியை இறக்காது. சூடு இறங்கியதும் நிம்மதி வந்துவிடுகிறது, அந்த நிம்மதியில்தான் நேரம் போய்விடுகிறது. வார்டில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, பிள்ளை வந்து 60 நிமிடத்துக்குள் முதல் அன்டிபயோட்டிக் ஊசி உடம்பில் ஏற வேண்டும் என்பது. வழியிலேயே பல மணி நேரம் போய்விடும் மலைநாட்டில், வீட்டிலும் நேரத்தை விடக் கூடாது.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயம் வரை வண்டி வர முடியாத பாதை என்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். அது தாமதமானால் தோட்டத்து வண்டியோ த்ரீவீலோ, எது முதலில் கிடைக்கிறதோ அதில் போங்கள். தோட்டத்தில் வண்டி கேட்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கப்பிள்ளையிடமும் அலுவலகத்திலும் சொல்லி வையுங்கள்.

அந்த நேரத்தில் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகலாமா?

வண்டிக்கு உதவி கேட்கப் போகலாம். அங்கேயே மருந்து வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. இடுப்பில் ஊசி போடுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்த பிள்ளைக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். அஸ்பிரினும் புரூஃபனும் கூடாது. டிஸ்பென்சரியில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெயரை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். காய்ச்சல் என்று வந்தால் பார்த்துக்கொண்டிருக்காமல் அனுப்பிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டுமா?

நிற்கக் கூடாது. தொற்று உள்ளவர்கள் நடுவில் இந்தப் பிள்ளை உட்காரவும் கூடாது. கிளினிக் புத்தகத்தை முன்னால் நீட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் அந்த இரவில் இல்லாமல் போகலாம், அதற்காக இந்தச் சிங்கள வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “மே லமயா பிளிகாவட்ட பெஹெத் கன்னவா. உண தியெனவா.” இந்தப் பிள்ளை புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தம். இரத்தம் வந்தால் “லே எனவா”. அப்பாயிக்கும் வீட்டில் இருக்கும் அண்ணன் அக்காவுக்கும் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் காய்ச்சல் வரலாம்.

இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் உண்டு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. பிள்ளையின் நோயைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் உங்களுக்குச் செய்யும் தயவில்லை. புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். “மிஸ், தமிழ் தெரிஞ்ச யாராவது இருக்காங்களா?” என்று கேளுங்கள். கையொப்பம் வைக்கும் கடுதாசியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வையுங்கள். விளக்கிய பின் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினால் எங்கே பிசகியது என்று எங்களுக்கும் தெரியும். தாதியாக வேலை செய்யும் என் தங்கை தம்பிமாருக்கும் இதையே சொல்கிறேன். “விளங்குச்சா?” என்று கேட்டால் நம் ஆட்கள் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். “வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள்.

இரத்த ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

மூன்று விஷயம் போதும். ஹீமோகுளோபின் குறைந்தால் பிள்ளை வெளிறிப்போய் நாலு படி ஏறினாலே களைத்துவிடும். தட்டணு சாதாரணமாக 1,50,000க்கு மேல் இருக்கும், அது மிகவும் இறங்கினால் இரத்தம் கசியும். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை 500க்குக் கீழே போனால் கிருமித் தொற்றின் ஆபத்து மிக அதிகம். எண்ணை நீங்கள் கணக்கிட வேண்டியதில்லை. “மிஸ், இந்த வாரம் எது குறைவு? எதுக்குக் கவனமா இருக்கணும்?” என்று கேட்டு வந்தால் போதும்.

மூக்கில் இரத்தம் வருகிறது. அட்டை கடித்தாலும் நிற்கவில்லை.

மூக்கில் இரத்தம் வந்தால் பிள்ளையை உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்க வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். இரண்டாவது முறையும் பிடித்து நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பில் ஊசி முனை போல சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே நீலத் தழும்பு, கறுத்த மலம் இவற்றையும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டாலோ கடுமையான தலைவலியோடு வாந்தி வந்தாலோ காத்திருக்கவே கூடாது.

அட்டை விஷயம் மற்ற ஊர்ப் புத்தகங்களில் இருக்காது, நமக்கு அது தேவை. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் உண்டு. சாதாரணப் பிள்ளைக்கே கொஞ்ச நேரம் ஒழுகும். தட்டணு குறைந்த பிள்ளைக்கும், ஹீமோபீலியா என்ற இரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள பிள்ளைக்கும் அது விடாமல் ஒழுகும். உப்போ சுண்ணாம்போ நெருப்போ வைக்காமல், நகத்தால் மெதுவாகத் தள்ளி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். புகையிலையோ காப்பித்தூளோ விபூதியோ காயத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் இந்தப் பிள்ளை தேயிலைக்குள்ளும் புல்லுக்குள்ளும் இறங்காமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

வாய் முழுக்கப் புண். எதையும் விழுங்க முடியவில்லை.

கீமோவுக்குப் பிறகு இது வரும், பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் குறையும். மிக மெதுவான பிரஷ், சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கலந்து கொப்பளிக்கலாம். கரியும் உமியும் வைத்துத் தேய்க்கக் கூடாது. சூடும் உறைப்பும் புளியும் வேண்டாம். கட்டச் சம்பல் கேட்டு அழும், பாவம், ஆனால் கொஞ்ச நாள் தள்ளிவைக்க வேண்டும். ஆறிய கஞ்சி, பருப்புத் தண்ணியில் குழைத்த சோறு, நன்றாக வேகவைத்த முட்டையை மசித்துப் பாலில் கரைத்தது, வாழைப்பழம் போன்றவை இறங்கும். தண்ணீரே குடிக்க முடியாவிட்டால், மூத்திரம் போவது குறைந்தால், உடனே காட்டுங்கள்.

சாப்பாட்டில் வேறு எதைத் தவிர்க்க வேண்டும்?

பீலித் தண்ணியும் ஊற்றுத் தண்ணியும் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குடிக்கக் கொடுக்க வேண்டும். மலைக்கு மேலே இன்னொரு லயமும் மாட்டுக் கொட்டிலும் இருக்கிறது. சோறு கறி அன்றன்று சமைத்துச் சூட்டோடு கொடுங்கள். காலையில் சுட்டு இஸ்தோப்பில் மூடிவைத்த ரொட்டியைச் சாயங்காலம் கொடுக்காதீர்கள். அரை வேக்காட்டு முட்டை, கடை வடை, வெட்டிவைத்து விற்கும் அன்னாசி வேண்டாம். தோல் உரிக்கும் பழம் நல்லது. விலை கூடிய சத்துமா டின் வாங்கக் கடன்பட வேண்டியதில்லை. பருப்பு, முட்டை, கீரை, நெத்தலி எல்லாம் சத்துத்தான்.

தட்டணு ஏற பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? நாட்டு மருந்து?

பச்சை இலையை இடித்துப் பிழிந்த சாறு இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். இலையோடு கிருமியும் வரும். கீமோவால் இறங்கிய தட்டணு அதனால் ஏறும் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரமும் இல்லை. மற்ற நாட்டு மருந்துகளில் சில, கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும் அல்லது ஈரலைத் தாக்கும். கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டக் கூடாது, திட்டினாலும் சொல்லுங்கள். கோயிலில் நேர்த்தி வைப்பது, கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதற்கு மருந்தோடு சண்டை இல்லை. ஊசி ஏறும் கையில் கட்டாமல் இருந்தால் போதும். தேர்த் திருவிழாக் கூட்டத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

பஸ்ஸில் போகும்போதே வாந்தி எடுக்கிறது.

ஹட்டனிலிருந்து கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கும் வளைவுகளில் சுகமானவர்களுக்கே குமட்டும். வாந்தியை அடக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல், பஸ் ஏற அரை மணி நேரம் முன் கொடுங்கள். முன் சீட், திறந்த ஜன்னல், வெறும் வயிறும் இல்லாமல் நிறைந்த வயிறும் இல்லாமல் இரண்டு பிஸ்கட். பையில் பொலித்தீன் பைகள், துடைக்கத் துணி, கொதித்து ஆறிய தண்ணீர், மாற்று உடுப்பு, தெர்மோமீட்டர் இருக்கட்டும்.

மருந்து ஏற்றிய பிறகு மூத்திரத்தைத் தொடக் கூடாதா?

மருந்து மூத்திரம், மலம், வாந்தி வழியாக வெளியேறும். குறைந்தது இரண்டு நாள், வார்டில் அதைவிட அதிக நாள் சொன்னால் அத்தனை நாளும், கையுறை போட்டுக்கொண்டு அள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் ஓட்டையில்லாத பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கக்கூசுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கான உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலைகளை அவர் செய்யக் கூடாது. பிள்ளையைக் கட்டிப் பிடிப்பது, முத்தம் கொடுப்பது, பக்கத்தில் படுப்பது எல்லாம் சரி. இதைக் கேட்டுப் பயந்து பிள்ளையைத் தள்ளிவைத்துவிடாதீர்கள்.

ஊசி ஏறும்போது கை எரிகிறது என்று அழுகிறது. சும்மா அழுகிறதா?

சும்மா என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வின்கிறிஸ்டின் போன்ற சில மருந்துகள் இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையையே கெடுத்துவிடும். எரிச்சல், வீக்கம், சிவப்பு என்றால் அந்த நொடியே எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் வேலையாக இருந்தாலும் சத்தமாகக் கூப்பிடுங்கள். இதே மருந்தால் மலச்சிக்கல், தாடை வலி, பாதம் தூக்க முடியாமல் நடை தடுமாறுவது வரலாம். அவற்றையும் சொல்ல வேண்டும்.

ஸ்டீரொய்ட் மாத்திரையில் பிள்ளை ஆளே மாறிவிட்டது.

முகம் உப்பும், நடு இரவில் பசிக்கும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அழும். அது மருந்தின் குணம், பிள்ளையின் குணமில்லை. அடிக்காதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. டொக்டர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறது. இன்னும் மாத்திரை வேண்டுமா?

வேண்டும். நோய் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. லுகேமியாவில் முதல் சில மாதக் கடும் சிகிச்சைக்குப் பிறகு வரும் தினசரி மாத்திரைக் காலம்தான் அந்தத் தூரத்தைக் கடக்கிறது. நூற்றுக்கு ஐந்து மாத்திரைக்கு மேல் தவறவிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தினமும் ஒரே நேரம், இரவுச் சாப்பாட்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் கொடுத்த நாளுக்குக் கோடு போடுங்கள். அம்மாவும் அப்பாயியும் ஆளுக்கொரு முறை கொடுத்துவிடாமல் இருக்கவும் அந்தக் கோடு உதவும்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது, சம்பளம் போகும், பஸ் செலவு வரும். நம் பெற்றோர் சிகிச்சையை விடுவது அன்பில்லாமல் இல்லை, இந்தக் கணக்கு ஒத்துவராமல்தான். வருவதை நிறுத்துவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். திகதியை மாற்ற முடியுமா, சில பரிசோதனைகளைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுக்க முடியுமா, பிரதேச செயலகத்தில் உதவி கேட்க டொக்டரிடம் கடிதம் வாங்க முடியுமா என்று பார்க்கலாம். வராமல் போன பிள்ளைக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாது.

லயத்துக் காம்பராவில் எப்படித் தனியாக வைத்திருப்பது?

தனி அறை இல்லாத வீட்டில் தனி அறை வையுங்கள் என்று சொல்லி அனுப்புவதில் அர்த்தமில்லை. செய்யக்கூடியது இவ்வளவு: ஜன்னல் பக்கமாகப் படுக்கை. விறகு அடுப்பு எரியும்போது பிள்ளை புகையில் இருக்கக் கூடாது. கூரை ஒழுகி ஈரமான சுவர்ப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். மலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவி உடுப்பு மாற்றிய பிறகு தூக்குங்கள். பார்க்க வரும் சொந்தக்காரரில் இருமல் உள்ளவரை வாசலிலிருந்தே அனுப்புங்கள். சங்கடமாக இருந்தால் “ஆஸ்பத்திரியில மிஸ் சொல்லியிருக்காங்க” என்று என்மேல் பழியைப் போடுங்கள். கடும் சிகிச்சைக் காலத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடுவது நல்லதில்லை.

தடுப்பூசியும் பள்ளிக்கூடமும்?

கீமோ நடக்கும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பு மருந்துகள், உதாரணமாக எம்.எம்.ஆர். ஊசியும் வாயில் விடும் போலியோ சொட்டும், கூடாது. வீட்டில் உள்ள தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு விடும் முன்னும் குடும்ப நல மாதுவிடம் இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். பக்கத்தில் யாருக்காவது அம்மையோ கொப்புளிப்பானோ வந்தால், உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே வார்டுக்குச் சொல்லுங்கள். தடுக்க மருந்து உண்டு, அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடம் டொக்டர் சொன்னதும் போகட்டும். முடி கொட்டியதைக் கேலி செய்யாமல் இருக்க வகுப்பாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள். முடி திரும்ப வளரும்.

தலசீமியா என்றால் புற்றுநோயா?

இல்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் இரத்தக் குறைபாடு. இருவரும் காவிகளாக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமலே அந்தக் குறைபாட்டைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கடும் வகை உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். குருநாகலில் இதற்கென்றே நிலையம் இருக்கிறது, பதுளையிலும் சிகிச்சை உண்டு. ஹீமோகுளோபின் 9, 10க்குக் கீழே விடாமல் ஏற்றினால் பிள்ளை வளரும், எலும்பும் முகமும் மாறாது. மிகவும் வெளிறிய பிறகு கொண்டுவரலாம் என்று நாளைத் தள்ளாதீர்கள்.

ஒவ்வொரு பைக்குள்ளும் 200 மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கிறது. உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது. இதயத்திலும் ஈரலிலும் சேர்ந்துவிடும். அதற்குத்தான் இரவில் தோலுக்கடியில் 8 முதல் 12 மணி நேரம் ஓடும் பம்ப் ஊசி, அல்லது தினமும் குடிக்கும் மாத்திரை. ஊசி குத்தும் இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். பம்ப் போடும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தால் பம்ப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்ணீரல் எடுத்த பிள்ளைக்கும் காய்ச்சல் அவசரம்தான்.

பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை இந்தப் பிள்ளை குடிக்கக் கூடாது, ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். திரிபோஷாவிலும் இரும்பு சேர்த்திருக்கிறார்கள், டொக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. அதனால் சாதாரண இரத்தச் சோகை உள்ள பிள்ளைக்குச் சோற்றோடு பிளேன்டீ கொடுப்பது கெடுதல், தலசீமியாப் பிள்ளைக்கு அதனால் கெடுதலில்லை. ஒரே லயத்தில் வெளிறிய இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் செய்யாதீர்கள். எது எந்த நோய் என்று இரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரத்தம் ஏறும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பையை மாட்டும் முன் இரண்டு பேர் பெயரையும் இரத்த வகையையும் சரிபார்ப்போம். முதல் 15 நிமிடம் முக்கியம். நடுக்கம், சொறி, இடுப்பு வலி, மூச்சு முட்டுதல், மூத்திரம் சிவப்பாகப் போவது என்றால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவோம். ஒரு பை நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இரத்தத்துக்குப் பணமில்லை, ஆள் பிடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். நம் நாட்டில் இரத்தம் முழுக்க முழுக்கத் தானமாகக் கிடைக்கிறது.

ஹீமோபீலியா உள்ள மகன் முழங்கால் வலிக்கிறது என்கிறான். வீக்கம் இல்லை.

வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியதும் சூடும் கூச்சமும்தான் முதலில் தெரியும், பிள்ளைக்கே அது பழக்கமாகிவிடும். அசைக்காமல், குளிர்ந்த துணி வைத்து, சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு இரத்தத்தை உறையவைக்கும் காரணி ஊசிக்குக் கிளம்புங்கள். எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உருவினால் கசிவு கூடும்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாமா?

சொல்லலாம், வயதுக்குத் தகுந்தபடி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு “இரத்தத்துல கெட்ட அணு இருக்கு, அதை விரட்ட மருந்து” என்பது போதும். ஊசி வலிக்காது என்று பொய் சொன்னால் அடுத்த முறை எதையும் நம்பாது. வலிக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். வீட்டில் விட்டுவிட்டு வந்த மற்றப் பிள்ளையிடமும் பேசுங்கள். தன்னால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்று அது யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருக்கும்.

இனி குணப்படுத்த முடியாது என்றால்?

அப்போதும் செய்ய நிறைய இருக்கிறது. வலி, மூச்சு முட்டுதல், பயம், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் பராமரிப்பு உண்டு. வாயால் குடிக்கும் மோர்ஃபின் அளவோடு கொடுத்தால் பாதுகாப்பான மருந்து. பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்று பயந்து வலியில் விடாதீர்கள். வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பினால் சொல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று எழுதித் தருமாறு கேளுங்கள். அப்பாயியும் அண்ணனும் அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்துவிட்டது. கிளினிக் புத்தகத்தை எறிந்துவிடலாமா?

கூடாது. எந்த மருந்து எவ்வளவு போட்டது என்று எழுதிய சுருக்கத்தை வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பல வருடம் கழித்துப் பாதிக்கலாம், அதனால் இடைக்கிடை ஸ்கேன் பார்க்க வேண்டும். பிள்ளை வளர்ந்து கொழும்பில் வேலைக்குப் போனாலும், கல்யாணமாகிக் கர்ப்பமானாலும், அங்குள்ள டொக்டருக்கு அந்தக் கடுதாசி தேவைப்படும். ஈரம் படாமல் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள், ஒரு போட்டோவும் எடுத்து இரண்டு பேரின் ஃபோனில் வையுங்கள்.